பிரெஞ்சு அரண்மனைப் பணியாளர்களை ஆவணங்களில் தேடுவது எப்படி? (விவாத இழை)

லுவார்க்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் பிரான்சில் புளுவா பக்கம் குடியிருக்கிறேன். மனைவி பிரெஞ்சுக்காரர். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு: முன்னோர் ஒருவர் பதினைந்தாம் லூயியின் சமையலறையில் வேலை பார்த்தாராம். மாமனார் அடித்துச் சொல்வார். கையில் இருப்பது 1764-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவின் நகல் ஒன்றுதான். மணமகனின் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் 'ராஜாவின் கோப்லே அதிகாரி' என்று எழுதியிருக்கிறது.

வெர்சாய் நகரத்தின் நோத்ர்தாம், சேன் லூயி ஆகிய இரண்டு பங்குகளின் பதிவேடுகளையும் ஈவ்லின் மாவட்டக் காப்பகத்தின் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அந்தக் குடும்பப் பெயரே வரவில்லை. அரண்மனையில் வேலை பார்த்தவர் அந்த ஊரில் ஒரு ஞானஸ்நானத்திலோ அடக்கத்திலோகூட வராமல் போவாரா? அல்லது குடும்பக் கதையே பொய்யா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடும்பப் பெயரை இங்கே போடவில்லை, மன்னிக்கவும்.


வாசுகி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். கோப்லே என்பது சமையல் செய்யும் பிரிவு இல்லை. ராஜாவின் மேசைக்கான ரொட்டி, உப்பு, துணி, ஒயின், தண்ணீர் இவற்றைக் கவனித்த பிரிவு. அடுப்பு வேலைக்குத் தனியாகக் 'குய்சின் பூஷ்' இருந்தது. ராஜாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று சமையலறைகளும் வேறு வேறு. அதனால் 'சமையல்காரர்' என்று வைத்துத் தேடினால் கிடைக்காது.


ஏடுதேடி எழுதியது:

கதை உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, லுவார்க்கரை. வெர்சாய்ப் பதிவேட்டில் அவர் இல்லாததைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

மேசோன் து ருவா, அதாவது அரச இல்லம், பெரும்பாலும் முறைப்பணியில் ஓடியது. வருஷத்தை நான்காகப் பிரித்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் அணி, ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னோர் அணி என்று போகும். உங்கள் ஆள் மூன்று மாதம் வெர்சாயில் வேலை பார்த்துவிட்டு மீதி ஒன்பது மாதம் சொந்த ஊரில் திராட்சைத் தோட்டத்தையோ கடையையோ பார்த்திருப்பார். மனைவி மக்கள் ஊரில்தான் இருந்திருப்பார்கள். நல்லது கெட்டது எல்லாம் ஊர்ப் பங்கில்தான் பதிவாகியிருக்கும்.

அப்புறம், இந்த வேலைகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டவை. சம்பளம் சொற்பம். பிறகு ஏன் வாங்கினார்கள்? அரசரின் இல்லத்தில் சேர்ந்தவர் 'கொமான்சோ' கூட்டத்தில் ஒருவர் ஆகிறார். சாதாரணக் குடிமக்கள் தலையில் விழுந்த நேரடி வரி அவருக்கு இல்லை. ஊரில் மரியாதை, கோவிலில் முன்னிடம், படைவீரர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கும் கட்டாயத்திலிருந்து விடுதலை. வசதியான விவசாயிக்கும் வியாபாரிக்கும் இது பெரிய லாபம்.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அரண்மனையைத் தேடாதீர்கள், பதவியைத் தேடுங்கள். பதவி ஒரு சொத்து. வீடு வாசல் மாதிரி அதை வாங்கினார்கள், விற்றார்கள், கடனுக்கு ஈடு வைத்தார்கள், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள், மகனுக்கு முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். சொத்து கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் பிறக்கும். அந்தத் தாள் பெரும்பாலும் நோட்டரி கையில் இருக்கும். ராஜாவின் கஜானாவில் தேடுவது அதற்குப் பிறகுதான்.

ஊர் வரிப்பட்டியலையும் பாருங்கள். ஓர் ஊருக்கு இவ்வளவு என்று வரியை மொத்தமாக விதிப்பார்கள். ஒருவருக்கு விலக்கு என்றால் அவர் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த அதிகாரிகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். முறைப்பணிக்குப் புறப்படும் நாளை ஞாயிறு பூசையில் ஊருக்கு அறிவிக்க வேண்டும், திரும்பி வந்து பணி செய்த சான்றைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் விதி இருந்தது. உண்மையில் வேலைக்கே போகாமல் விலக்கு கேட்கிறார் என்று ஊரார் வழக்குப் போட்டதும் உண்டு. அப்படி ஒரு வழக்கு உங்கள் ஆள்மேல் இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று சாட்சிகள் சொன்னது வரிக்கு வரி கிடைக்கும்.


நெடுங்கணக்கு எழுதியது:

ஏடுதேடி சொல்வது சரி, ஆனால் ஒரு புதியவரை எடுத்த எடுப்பில் நோட்டரிக் கட்டுகளுக்குள் தள்ள வேண்டுமா? அச்சிட்ட பட்டியல்களே இருக்கின்றனவே. 'எத்தா தெ லா ஃபிரான்ஸ்' என்று 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து திரும்பத் திரும்பப் பதிப்பித்தார்கள். பிரிவு வாரியாக, காலாண்டு வாரியாகப் பெயர், சம்பளம், கடமை எல்லாம் இருக்கும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பல பதிப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். ராஜாவின் படுக்கையை யார் எந்தப் பக்கம் நின்று விரிப்பார் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். அதில் தேடி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.


ஏடுதேடி எழுதியது:

அந்த நூலை நானும் விரும்பிப் படிப்பவன்தான். பதவியின் கடமை என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். கடைசிப் பதிப்பு 1749. நம்மிடம் உள்ள பதிவு 1764. பதினைந்து வருஷத்தில் ஒரு பதவி இரண்டு கை மாறியிருக்கலாம். அதற்குப் பிந்திய காலத்துக்கு 'அல்மனா ருவயால்' வருஷா வருஷம் வந்தது, ஆனால் அதில் பெரிய தலைகள்தான். ரொட்டி எடுத்துக்கொடுத்தவர் வரமாட்டார்.

அச்சுப் பட்டியலை மட்டும் நம்புவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அது பதிப்பாளர் திரட்டியது. இறந்தவர் பெயர் அடுத்த பதிப்பிலும் அப்படியே நிற்கும். மகனுக்கு வாரிசுரிமை கிடைத்திருந்தால் தகப்பனும் மகனும் ஒரே வரியில் கலந்து வருவார்கள். சட்டப்படி செல்லுபடியானது வேறு பட்டியல். கூர் தேசேத் என்ற வரி நீதிமன்றத்தில் அரசர், அரசி, இளவரசர் இல்லங்களின் பெயர்ப் பட்டியல்கள் பதிவாக வேண்டும். அதில் பெயரும், குறைந்தது 60 லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சு நாணயம்) சம்பளமும் இருந்தால்தான் வரிவிலக்கு செல்லும். இன்று அவை பாரிஸ் தேசியக் காப்பகத்தில் 'இசட் 1 ஏ' வரிசையில் இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் அங்கே கவனமாக எழுதினார்கள். உங்கள் ஆளுக்கு முதல் சோதனை அதுதான்.


புதுவை மீனா எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு எத்தா சிவில் தாள்களை, அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை, எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள காலனிக் காப்பகத்தின் தளத்தில் தேடித் தேடித்தான் எனக்கு இந்த ஆர்வமே வந்தது. 1776-இல் பதினாறாம் லூயி காலனிப் பதிவேடுகளின் ஒரு நகல் வெர்சாய்க்கு வர வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஏற்பாட்டால்தான் புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளை இன்று வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பாரிசுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கேயும் இரண்டு பிரதிகள் இருந்தன. 1871 மே மாதம், பாரிஸ் கொம்யூன் என்ற எழுச்சியின் கடைசி வாரத்தில், இரண்டுமே எரிந்தன. 1860-க்கு முந்திய பாரிஸ் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் போயின. பிறகு குடும்பங்களிடமும் நொத்தேர்களிடமும் (நோட்டரிகளைத்தான் சொல்கிறேன்) இருந்த நகல்களை வைத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மீட்டார்கள்.

அதனால் பாரிஸ் சம்பந்தம் இருந்தால் நொத்தேர் தாள்களை விட்டால் வேறு கதியே இல்லை. 1928-இல் ஒரு சட்டம் வந்த பிறகு பாரிஸ் நொத்தேர்களின் பழைய கட்டுகள் தேசியக் காப்பகத்தில் மினுத்தியே சாந்த்ரால் என்ற பிரிவில் சேர்ந்தன. ஏடுதேடி சொன்ன 'பதவி ஒரு சொத்து' என்பதற்கு மோலியேரைவிட நல்ல உதாரணம் இல்லை. நாடகக்காரர் என்றுதான் உலகம் அறியும். ஆனால் அவர் அரண்மனைப் பணியாளரும்கூட. அவருடைய தகப்பனார் ழான் பொக்லேன் ராஜாவின் மெத்தை, திரைச்சீலை, இருக்கைகளைக் கவனிக்கும் தப்பிசியே. அந்தப் பதவியை 1631-இல் தன் சகோதரரிடமிருந்து பெற்றார். 1637-இல் மகனுக்கு வாரிசுரிமை வாங்கி, பதினைந்து வயதுப் பையன் சத்தியப்பிரமாணம் எடுத்தான். 1643-இல் நாடகக் குழு தொடங்கப்போவதால் அதை விட்டுக்கொடுத்தான், உரிமை தம்பிக்குப் போனது. 1660-இல் தம்பி இறந்ததும் பதவி மோலியேரிடம் திரும்பியது. 1673-இல் சாகும்வரை அவர் அந்தப் பட்டத்தோடுதான் இருந்தார். காலாண்டுக்கு இரண்டு பேர், ஆக எட்டுத் தப்பிசியேக்கள். சம்பளம் வருஷத்துக்கு 300 லீவ்ர்.

அவருடைய ஞானஸ்நானப் பதிவு 1622 ஜனவரி 15, சேன்-தெஸ்தாஷ் பங்கில். மூலம் 1871-இல் எரிந்துவிட்டது. பெஃபாரா என்ற ஓய்வுபெற்ற காவல் ஆணையர் அதற்கு ஐம்பது வருஷம் முன்பே, 1821-இல், அதைப் படித்து அச்சிட்டு வைத்திருந்தார். அவர் செய்யாமல் விட்டிருந்தால் மோலியேர் பிறந்த தேதியையே நாம் இன்று ஊகித்துக்கொண்டிருப்போம். பழைய ஆராய்ச்சியாளர்கள் எடுத்து வைத்த படிகளை அலட்சியமாகத் தள்ளாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.


லுவார்க்கரை எழுதியது:

மீனாக்கா, ஏடுதேடி ஐயா, மிக்க நன்றி. பாரிசுக்குப் போவதற்கு முன் இங்கே மாவட்டக் காப்பகத்தில் நோட்டரிக் கட்டுகளைத் தொடங்குகிறேன். அரச கணக்குப் புத்தகங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே? சம்பளம் கொடுத்திருந்தால் கணக்கு இருக்குமே?


அகழ்வான் எழுதியது:

இருந்தது. எரிந்தது. 1737 அக்டோபர் 26-27 இரவில் பாரிஸ் கணக்கு நீதிமன்றத்தில் தீப்பிடித்தது. அரசரின் வரவு செலவைத் தணிக்கை செய்து வைத்திருந்த இடம் அதுதான். பல நூற்றாண்டு இல்லக் கணக்குகள் ஒரே ராத்திரியில் போயின. அதனால்தான் மத்தியகால, 16-ஆம் நூற்றாண்டுப் பணியாளர்களைத் தேடுகிறவர்கள் வேறு வழியில் தப்பிய பேரேடுகளையும் ('கேகே' வரிசை), தீக்கு முன் படியெடுத்தவர்களின் கைப்பிரதிகளையும் நம்பி வேலை செய்கிறோம். பிரபுக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதிக்கொடுத்தவர்கள் அந்தப் படிகளை எடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியவை பெரிய குடும்பப் பெயர்கள்தான், அடுப்பங்கரைப் பெயர்களைப் பல நேரம் சுருக்கிவிட்டார்கள். தலையில் 'முழுப் பட்டியல்' என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள்.

தப்பியவற்றில் அற்புதமானவை உண்டு. ஒன்பதாம் லூயியின் சேவகர் ழான் சராசேன் 1256-57-இல் மெழுகு பூசிய மரப் பலகைகளில் எழுதிய இல்லக் கணக்கு தேசியக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. மெழுகில் கீறி எழுதி, பிறகு அழித்து மறுபடி எழுதுவதற்கான பலகை. அழிக்காமல் விட்டதால் எழுநூறு வருஷம் தாண்டி நமக்குக் கிடைத்தது.

ஒரு சமையல்காரரின் வாழ்க்கையையே இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள். கியோம் திரேல், தாயிவான் என்ற பட்டப்பெயரோடு அறியப்பட்டவர். 1326-இல் ழான் தெவ்ரூ அரசியின் சமையலறையில் எடுபிடிப் பையனாக வருகிறார். பிறகு ஆறாம் பிலிப், ஐந்தாம் சார்ல், ஆறாம் சார்ல் ஆகியோர் கணக்குகளில் படிப்படியாக மேலே ஏறுகிறார். கடைசியில் சேன்-ழெர்மேன்-ஆன்-லேயில் கல்லறைக் கல்: போர்வீரர் உடையில் அவர், இரண்டு பக்கமும் இரண்டு மனைவியர், கேடயத்தில் மூன்று சமையல் பானைகளும் ரோஜாக்களும். அடுப்பு ஊதிய பையன் கேடயம் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்திருக்கிறார், அந்தக் கேடயத்தில் பானையைத்தான் செதுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பொருள் அந்தக் கல்.

பழைய காலத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1564 ஆணைக்கு முன் பிரான்சில் பொதுவாக வருஷம் ஈஸ்டரில் தொடங்கியது. '1530 பிப்ரவரி' என்று தாளில் இருந்தால் நம் கணக்குக்கு அது 1531. இதைக் கவனிக்காவிட்டால் ஒருவர் வேலையில் சேருவதற்கு முன்பே ஓய்வு பெற்றதாக வரும். எண்களிலும் கவனம் வேண்டும். பழைய கணக்கர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். ரோமன் நான்கின் தலைமேல் இரண்டு எக்ஸ் சின்னதாக இருந்தால் எண்பது. ஒரு லீவ்ருக்கு 20 சோல், ஒரு சோலுக்கு 12 தெனியே. கூட்டிப் பார்த்துச் சரிவந்தால்தான் படித்தது சரி.


நெடுங்கணக்கு எழுதியது:

அருமை. ஆனால் இங்கே எல்லோரும் பதவி வாங்கியவர்களைப் பற்றியே பேசுகிறோம். வரிவிலக்கு வாங்கி ஊரில் பெரிய மனிதர் ஆனவர்களைக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? வெர்சாயில் விறகு சுமந்தவன், பாத்திரம் தேய்த்தவன், துணி துவைத்தவள், அதிகாரிக்கே வேலைக்காரனாக இருந்தவன் இவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? 'பதவியைத் தேடுங்கள்' என்றால் பதவி இல்லாதவர் ஆவணத்திலேயே இல்லை என்று ஒப்புக்கொள்வதாகாதா?


அகழ்வான் எழுதியது:

பெரும்பாலும் அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டுப் பாத்திரம் தேய்ப்பவர்களில் நூற்றில் ஒருவரைக்கூட நம்மால் பெயரிட முடியாது. இல்லாத ஆவணத்தை இருப்பதாகச் சொல்லி ஆறுதல் தேட நான் தயாரில்லை.


புதுவை மீனா எழுதியது:

14-ஆம் நூற்றாண்டுக்கு உங்கள் பேச்சை ஏற்கிறேன், அகழ்வான். 18-ஆம் நூற்றாண்டுக்கு ஏற்கமாட்டேன்.

வெர்சாய்ப் பங்குப் பதிவேடுகளில் ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாட்சி என்று யார் யார் வருகிறார்கள் பாருங்கள். தண்ணீர் சுமப்பவர், லாயத்து ஆள், இன்னாருடைய வேலைக்காரி என்று தொழிலோடு பெயர் இருக்கும். ஒரே ஆள் நாலு குழந்தைகளுக்குச் சாட்சி நின்றால் அவருடைய கூட்டாளிகள் யார் என்று தெரிந்துவிடும். அரண்மனை எல்லையில் யாராவது இறந்தால் பிரேவோத்தே தெ லோத்தெல் என்ற அரண்மனை நீதிமன்றத்தின் ஆட்கள் வந்து அறைக்கு முத்திரை வைப்பார்கள், உள்ளே இருந்ததை எழுதுவார்கள். அந்த நீதிமன்றத்தின் தாள்கள் தேசியக் காப்பகத்தில் 'வி 3' வரிசை. மாடிப்படி அடியில் படுத்திருந்தவனுடைய கம்பளியும் மரப்பெட்டியும்கூட அதில் வரும்.

இன்னும் முக்கியமானது ஓய்வூதியம். நெக்கேர் நிதி பார்த்த காலத்தில், 1778 கடைசியில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிற ஒவ்வொருவரும் தன் உரிமைத் தாள்களையும் ஞானஸ்நானச் சான்றையும் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புகள் 'ஓ 1' வரிசையில் இருக்கின்றன. இதன் அருமை என்ன தெரியுமா? பாரிஸ் பங்கில் பிறந்த ஒருவருடைய மூலப் பதிவு 1871-இல் எரிந்திருந்தாலும், 1779 வாக்கில் அவர் அரண்மனைக்குக் கொடுத்த சான்று பத்திரமாகக் கோப்புக்குள் இருக்கும். பெண்கள் இங்கே நிறைய. ராஜா பிள்ளைகளின் செவிலித்தாய்கள், சலவைக்காரிகள், விதவைகள். புரட்சி வந்ததும் தேசிய சபை ஓய்வூதியக்காரர்கள் பட்டியலையே அச்சிட்டு வெளியிட்டது, அதுவும் காலிகாவில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு, என்ன சேவைக்காக என்று வரிக்கு வரி.

1814-இல் பூர்போன் வம்சம் திரும்பியதும் வயதான பழைய பணியாளர்கள் உதவி கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். அவை 'ஓ 3' வரிசை. எங்கே வேலை பார்த்தேன், முடியாட்சி விழுந்த 1792 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு எப்படிப் பிழைத்தேன் என்று தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள், அல்லது எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள். இவர்களை ஆவணத்தில் இல்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

நம் நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் து பாரி வீட்டில் வளர்ந்த ஸமோர், வங்காளத்தில் பிறந்தவர், சிறுவனாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர். அது சீமாட்டியின் தனி வீடு என்பதால் ராஜாவின் பட்டியலில் அவரைத் தேடுவதில் பயனில்லை. ஆனால் வெர்சாய் நோத்ர்தாம் பங்கில் 1772-இல் லூயி-பெனுவா என்று ஞானஸ்நானம் பதிவாகியிருக்கிறது. 1793-இல் து பாரிமீது நடந்த விசாரணையில் சாட்சியாக நின்று, தான் பிறந்தது வங்காளம் என்று தன் வாயாலேயே சொன்னார். படங்களில் அலங்கார உடை போட்ட பையனாக மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாட்சியம் ஒரு முழு மனிதனைக் காட்டும்.


நெடுங்கணக்கு எழுதியது:

மீனா, 'ஓ 3' பற்றிச் சொன்னதற்கு நன்றி. அடுத்த முறை அதைத்தான் எடுக்கப் போகிறேன். என் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது. அதிகாரியின் வேலைக்காரனுக்கு வேலைக்காரனாக இருந்தவன் ஓய்வூதியமும் வாங்கியிருக்கமாட்டான், விண்ணப்பமும் கொடுத்திருக்கமாட்டான். அவனைப் பற்றி எழுதும்போது குறைந்தபட்சம் அவன் பட்டியலுக்கு வெளியே இருந்தான் என்றாவது எழுத வேண்டும். ராஜாவின் இல்லத்தில் இத்தனை பேர் என்று அச்சுப் பட்டியலை எண்ணி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.


வாசுகி எழுதியது:

பெயர் விஷயத்தில் ஒன்று. பாரிசில் தாம்ப்ல் கோட்டைச் சிறையில் இருந்த பதினாறாம் லூயிக்குக் கடைசிவரை சேவை செய்த கிளேரியைத் தேடினால் பதிவுகளில் ஆனே என்றும் பார்க்க வேண்டும். குடும்பப் பெயர் ஆனே, கிளேரி சேர்த்துக்கொண்டது. அரண்மனை ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான். ஒரு துண்டு நிலம் வாங்கினால் அதன் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இரண்டு பெயர் இருக்கும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், பெயர் மாறினாலும் கையெழுத்துச் சுழி மாறாது.

இன்னொன்று, வத்தேலை ராஜாவின் சமையல்காரர் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1671-இல் ஷாந்தியியில் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவர் கோந்தே இளவரசரிடம் வேலை பார்த்தார். சமையல்காரரும் இல்லை, விருந்து நிர்வாகி. ஒருவர் எந்த இல்லத்துக்காரர் என்று முடிவாகாமல் காப்பகத்தில் ஒரு பெட்டியைக்கூட எடுக்கச் சொல்லாதீர்கள்.


லுவார்க்கரை எழுதியது:

நண்பர்களே, கிடைத்துவிட்டது! மாவட்டக் காப்பகத்தில், கிராமத்துக்குப் பக்கத்துச் சிறு நகரத்தின் நோட்டரிக் கட்டில், 1771-ஆம் ஆண்டு இறப்புக்குப் பிந்திய சொத்துப் பட்டியல்.

வீட்டுச் சாமான்களில் தொடங்குகிறது. சமையலறையில் செம்புப் பாத்திரங்கள், தகரப் பூச்சுத் தட்டுகள், மாவுப் பெட்டி. நிலவறையில் ஒயின் பீப்பாய்கள். படுக்கை அறைக்கு வந்ததும் அலமாரியில் ஒரு கறுப்புக் கோட்டும் வெள்ளிப் பிடி போட்ட வாளும். திராட்சை வளர்த்த கிராமத்து வீட்டில் வாள்! மாமனார் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

அதைவிட முக்கியம் கடைசிப் பகுதி. வீட்டில் இருந்த தாள்களை நோட்டரி கட்டுக் கட்டாகப் பிரித்து எழுத்து போட்டு எழுதியிருக்கிறார். முதல் கட்டில் திருமண ஒப்பந்தம். அடுத்ததில் நிலப் பத்திரங்கள். நான்காவது கட்டில் கோப்லே பதவிக்கான நியமனக் கடிதம், சத்தியப்பிரமாணச் சான்று, ஏப்ரல் காலாண்டில் பணி செய்ததற்கான சான்றுகள், 1748-இல் பதவியை வாங்கிய ஒப்பந்தம், அதற்காக மைத்துனரிடம் வாங்கிய கடனின் ரசீதுகள். விற்றவர் பாரிஸ்காரர், ஒப்பந்தம் நடந்த பாரிஸ் நோட்டரியின் பெயரும் இருக்கிறது.

ஏப்ரல், மே, ஜூன் என்றால் திராட்சைக் கொடியில் வேலை நடக்கும் நேரம். வீட்டுக்காரர் வெர்சாயில். அப்படியானால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது மனைவியாகத்தான் இருக்க வேண்டும். கூலி கொடுத்த சிட்டைகளில் அவர் கையெழுத்து இருப்பதாக நோட்டரி குறித்திருக்கிறார். நெடுங்கணக்கு கேட்ட கேள்வி இதைப் படித்தபோது மனத்தில் வந்தது. அந்த அம்மாளும் அரண்மனைப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர் ஊரில் தோட்டத்தைத் தாங்காமல் இருந்தால் இவர் வெர்சாய்க்கே போயிருக்க முடியாது.

இப்போது என் சந்தேகம்: 1771-இல் மூத்த மகனுக்குப் பதவி போனதாகத் தெரிகிறது. ஆனால் அவருடைய 1785 இறப்புப் பதிவில் 'முன்னாள் அதிகாரி' என்று இருக்கிறது. விற்றுவிட்டாரா?


ஏடுதேடி எழுதியது:

வாழ்த்துகள், லுவார்க்கரை! அந்த நான்காவது கட்டுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் காப்பகங்களில் உட்காருகிறோம்.

விற்றிருக்கலாம். ஆனால் வேறொரு காரணத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். 1780 ஆகஸ்டில் நெக்கேர் செலவைக் குறைக்க ஓர் ஆணை கொண்டுவந்தார். ராஜாவின் உணவுப் பிரிவுகளில் மட்டும் 406 பதவிகள் ஒரே வீச்சில் ஒழிந்தன. காசு கொடுத்து வாங்கிய சொத்து என்பதால் அரசு இழப்பீடு தர வேண்டியிருந்தது. கேட்பவர் தன் உரிமையை நிரூபிக்க நியமனக் கடிதம், வாங்கிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் கொடுத்திருப்பார். மகன் அந்த 406 பேரில் ஒருவர் என்றால், உங்கள் கட்டில் வெறும் தலைப்பாக மட்டும் இருக்கும் தாள்களின் முழு வாசகமும் அங்கே கிடைக்கலாம்.

பாரிசில் செய்ய வேண்டியது: முதலில் 'இசட் 1 ஏ'-இல் 1750-களின் பட்டியலை எடுத்து, கோப்லே, ஏப்ரல் காலாண்டு என்ற இடத்தில் தகப்பனாரைப் பாருங்கள். பிறகு 1748 ஒப்பந்தத்தை அந்த நோட்டரியின் பெயரை வைத்து மினுத்தியே சாந்த்ராலில் கேளுங்கள். பாரிசில் நூறுக்கும் மேற்பட்ட நோட்டரி அலுவலகங்கள் இருந்தன, பெயர் தெரியாமல் போனால் வருஷக்கணக்கில் தேடலாம். உங்களுக்கு அது கையில் இருக்கிறது. மூன்றாவதாக மகனுக்கு 'ஓ 1'.

இவை எல்லாம் பாரிஸ் மரே பகுதிக் கட்டடத்தில்தான் படிக்கக் கிடைக்கும், பியர்ஃபித் கட்டடத்துக்குப் போய்விடாதீர்கள். தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள். பழைய கட்டுகள் சில மைக்ரோஃபிலிமில் மட்டும் கொடுப்பார்கள்.


லுவார்க்கரை எழுதியது:

சரி ஐயா. மாமனாரும் கூட வருகிறேன் என்கிறார். 1748 ஒப்பந்தத்தைப் படம் எடுத்ததும், பெயரை மறைத்துவிட்டு, இங்கே போடுகிறேன். அந்தக் காலத்து நோட்டரிக் கையெழுத்தைப் படிக்க வாசுகியும் அகழ்வானும் கைகொடுக்க வேண்டும்.


அகழ்வான் எழுதியது:

போடுங்கள். முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும் மட்டும் போதாது, ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் தெரியும்படி முழுத் தாளாக எடுங்கள். பணம் கட்டி முடித்த விவரம் பல நேரம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.